ஆண்மை யாது?

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்துக் கோசா மக்கள், இளைஞரை ஆடவராக்கும் சடங்கினை உல்வாலுகோ என வழங்குவர். நுனித்தோல் அறுக்கப்பெற்ற இளைஞர், மேனியில் வெண்களிமண் பூசி, ஊர்க்கு அப்பாற் குடிசையில் ஒரு காவலர்க்கு அடங்கித் தங்குவர். நாள் நிறைந்தபின் ஆற்றில் நீராடுவர், குடிசை எரியூட்டப்படும். அதனைத் திரும்பிப் பாராது ஊர் புகுதல் மரபு.

1934-ல் இச்சடங்கினை ஏற்ற நெல்சன் மண்டேலா, "யான் ஆண்மகன்" எனக் கூவுதற்குத் தாம் சிறிது தாழ்த்து நாணியதை, 1994-ல் வெளிவந்த தம் வரலாற்றில் மறையாது உரைத்தார்.

நோவினை வாய்திறவாது பொறுத்தல் ஒன்றே ஆண்மையெனின், புண் அழுகியும் மறைத்து மாளும் இளைஞனே தலையாய ஆடவனாதல் வேண்டும். அங்ஙனம் மாண்டோர் பலர். அதுபற்றியன்றோ அம்மாகாணம் 2001-லும், அந்நாடு 2021-லும் இச்சடங்கிற்குக் காப்பாகச் சட்டம் வகுத்தன?

சடங்கே தீதென்பார்க்கு யாம் உடன்படேம். தனித்திருத்தலும், மூத்தோர் சொற்கேட்டலும், பிள்ளைமை துறத்தலும் பக்குவத்திற்கு வேண்டுவனவே. ஆயின் பழிக்கு அஞ்சி நோயை மறைத்தல் அச்சத்தின்பாற்படுமன்றி ஆண்மையாகாது. தன் தளர்ச்சியை உள்ளவாறு கூறுதற்கும் உரன் வேண்டும். அங்ஙனம் கூறும் இளைஞனை எள்ளாது மருத்துவனிடம் உய்த்தல் காவலரின் முதற்கடன். சடங்கு இளைஞனை மட்டுமன்றி, அவனைக் காக்கும் மூத்தோரையும் அளக்கின்றதென்பது எம் துணிபு.