நாவின் முடிச்சு



கோல சிலாங்கூர்த் தோட்ட ஆபீஸில் கிராணியாயிருக்கும் ஒரு சகோதரி, கணக்கில் ஒரு வரி தவறினாலும், “நான் இவ்வேலைக்கு லாயக்கற்றவள்” என்று கலங்குகிறார். கவனம் சிதறுவது சிறு வயது முதலே உண்டு, அது ஏ.டி.எச்.டி. என்று டாக்டர் சொன்னதோ இப்போதுதான். துள்ளித் திரியாமல் கனவில் ஆழ்ந்திருக்கும் பெண் பிள்ளைகளிடம் இதை யார் கண்டார்? ‘சோம்பேறி’ப் பட்டம் மட்டும் தவறாமல் கிடைத்துவிடும்!

பிர்அவ்னிடம் செல்லப் பணிக்கப்பட்ட நபி மூஸா (அலை) அவர்கள், தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு துஆச் செய்தார்கள். அத்துடன் நின்றார்களா? சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்கும் கேட்டார்கள். அல்லாஹுத்தஆலா இரண்டையும் அருளினான். பணியைத் திரும்பப் பெறவில்லை. குர்ஆனின் மிக நீண்ட ஆயத்தும் (2:282) கடனை எழுதி வைக்கவே ஏவுகிறது. ஞாபகத்தை நம்பியிருக்கச் சொல்லவில்லை.

ஆகவே சகோதரியே, நோட்டுப் புத்தகம் மேசைமேலேயே இருக்கட்டும். டாக்டர் குறித்த தவணையைத் தவறவிடாதீர்கள். கணக்கை ஒருமுறை ஒத்துப் பார்த்துத் தரும்படி பக்கத்து மேசைக்காரரை இன்றே கேளுங்கள்.