மகப்பேறும் மறைப்பும்

மக்கட்பேறு இல்லறத்தின் நற்பயன்களுள் ஒன்றென்பது ஆன்றோர் துணிபு. அது வாய்க்கப்பெறாதார் படும் துயரும் உலகறிந்ததே. அத்துயர் நீக்குதற்கு இக்கால மருத்துவர் கண்ட வழிகளுள் ஒன்று, கணவன் மனைவி இருவரின் வேறாய ஒருவர் ஈந்த விந்தணுவையேனும் கருமுட்டையையேனும் கொண்டு கருவுறச் செய்தலாம். இது சைவநெறி நிற்பார்க்குத் தகுமோவெனவும், தகுமாயின் அவர் காத்தற்குரிய வரம்பு யாதெனவும் அன்பர் சிலர் வினவுதலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

உடம்பின் புறத்தே கருக்கூட்டிப் பெற்ற முதற்குழவி 1978ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இங்கிலாந்திற் பிறந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்தியாயர் என்னும் மருத்துவர் முயற்சியால் மற்றொன்று பிறந்தது. பிறர் விந்தணுவைக் கொள்ளும் முறையோ இவற்றினும் பழையது. 1884ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில் பான்கோஸ்ட் என்னும் மருத்துவர், மகவின்மைபற்றித் தம்பால் வந்த பெண்ணொருத்தியை மயக்கமருந்தால் உணர்விழக்கச் செய்து, மாணாக்கர் ஒருவரது விந்தணுவை அவள் கருப்பையிற் செலுத்தினர். கணவற்குப் பின்னர் உரைக்கப்பட்டது, அவட்கோ உரைக்கப்பட்டிலது. 1909இல் அதனை அறிந்தார் ஒருவர் எழுதி வெளியிட்ட பின்னரே உலகம் அறிந்தது. இம்முறை தோன்றும்பொழுதே மறைப்போடு உடன்தோன்றிற்று என்பது இதனாற் பெறப்படும். ஈண்டு ஆராயத்தக்கது வித்து எவருடையது என்பதன்று, அம்மறைப்பே என்பது எம் கருத்து.

உயிர் அநாதி, ஒருவராற் படைக்கப்படுவதன்று. அதற்குத் தநு கரண புவன போகங்களை மாயையினின்றும் இருவினைக்கு ஈடாகக் கூட்டுவிப்பவன் இறைவன். தாய்தந்தையர் உடம்பு வருதற்கு வாயிலாவதன்றி உயிர்க்கு முதலாகார். ஆகவே, வித்து எவருடையதாயினும், அவ்வுடம்பில் வந்த உயிர்க்கு அதனால் இழிவு இல்லை. அற்றேல், பிறர் வித்தை ஏற்றல் கற்பிற்கு இழுக்காகாதோவெனின், ஆகாது. என்னை? வேட்கையும் கூட்டமும் ஆண்டு இன்மையானும், இருவரும் ஒருப்பட்டே அதனை மேற்கோடலானும் என்க.

இனி, பெற்றார் ஒருவரும் வளர்த்தார் ஒருவருமாதல் நம் சமயத்திற்குப் புதிதன்று. நம்பியாரூரர் சடையனார்க்கும் இசைஞானியார்க்கும் பிறந்து, நரசிங்கமுனையரையரால் மகன்மை கொண்டு வளர்க்கப்பெற்றனர். மணப்பருவம் எய்தியபோது மணம் பேசுவித்தவர் சடையனாரே. ஆகவே, பிறப்பு எவராலும் மறைக்கப்படவுமில்லை. வளர்த்த அன்பு அதனாற் குறைபடவுமில்லை. அவ்வாரூரரே கோட்புலியார் மகளிரைத் தம் மகளிராக ஏற்றுத் தம்மைச் சிங்கடிக்குத் தந்தையெனக் கூறிக்கொண்டனர். தந்தைமை குருதியினாலன்றி அன்பினாலும் அமையும் என்பதற்கு இதனின் மிக்க சான்று வேண்டா.

ஈண்டு ஒரு தடை நிகழும். "இறைவனது ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்றன்றோ? திரோதானம் அருளேயன்றோ? பிள்ளை நோதலாகாதென்று பெற்றோர் உண்மையை மறைத்தலும் அவ்வாறே அருளாகாதோ?" என்பது அது. ஆகாது என்பேம். இறைவன் மறைப்பது உயிரின் பொருட்டு. மலம் பரிபாகமுறும் அளவே மறைக்கின்றான். அம்மறைப்பின் முடிவு விளக்கமே. பெற்றோர் மறைப்பதோ பெரும்பாலும் தம் நாணின் பொருட்டு. ஊரார் உரைக்கு அஞ்சி. அதற்கு முடிவும் குறிப்பதில்லை. பருவம் நோக்கிச் சொல்லாதிருத்தல் வேறு, என்றும் சொல்லாதிருத்தல் வேறு. முன்னது திரோதானத்தின் சாயலுடையது, பின்னது பொய்யே. பிள்ளை பெற்றோரின் உடைமையன்று. தன்னை அறிதற்கு வந்த ஓர் உயிர். தன்னை அறிதலையே வீட்டுநெறியின் வாயிலாகக் கொண்ட நாம், ஒருயிர்க்கு அதன் உடம்பின் வரலாற்றையும் ஒளித்தல் யாங்ஙனம் பொருந்தும்?

சுவீடன் நாடு 1985ஆம் ஆண்டு முதல் இவ்வுரிமையைப் பிள்ளைகட்கு வழங்கியது. பிரிட்டனில் 2005 ஏப்பிரல் முதல் நாளுக்குப்பின் வித்து ஈந்தாரை, அதனாற் பிறந்தார் 18 அகவையில் இன்னாரென அறியலாம். நம் நாட்டில் 2021இல் இயற்றப்பட்ட சட்டம், அவ்வாறு பிறந்த பிள்ளையை வேண்டிப்பெற்ற தம்பதியரின் சொந்தப் பிள்ளையாகவே கொள்கின்றது. பெண்ணொருத்தி வாழ்நாளில் ஒருமுறையே, ஏழு கருமுட்டைக்கு மேற்படாது ஈயலாமெனவும், ஒருவர் ஈந்ததனை ஒரு தம்பதியர்க்கே வழங்கவேண்டுமெனவும் வரையறுக்கின்றது. இவை வறியவர் உடம்பை வாணிகப் பொருளாக்காமைக்கும், உடன்பிறந்தார் அறியாது மணத்தல் நிகழாமைக்கும் வேண்டுவனவே. எனினும், ஈந்தார் இன்னாரென அறியும் உரிமையைப் பிள்ளைக்கு இச்சட்டம் வெளிப்பட வழங்கவில்லை. சட்டம் வழங்காததனைப் பெற்றோரின் வாய்மை ஒருபுடை நிரப்பலாம். தம் பிறப்பின் முறையையேனும் பிள்ளை அவர்வாய்க் கேட்டறிதல் வேண்டும். சிறிது உமிழ்நீரைக் கொண்டே மரபணு ஆராயும் இக்காலத்தில், வீட்டார் உரையாததனை அயலார் ஏடு உரைத்துவிடும். அன்று உடைவது மறைபொருள் மட்டுமன்று, நம்பிக்கையுமாம்.

முதுமைக்குத் துணை வேண்டியே மகவு நாடுவாரும் உளர். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.8 மகவே. ஆகலின் முதியோர் தொகை பெருகுதலும், அவர்க்குத் துணை குறைதலும் மெய்யே. எனினும், ஓருயிரைத் தன் கைக்கோலாக வருவித்தல் அறமன்று. முதியோரைத் தாங்குதல் அடியார் கூட்டத்திற்கும் மடங்கட்கும் உரிய தொண்டு.

முயன்றும் மகவு பெறாதார் தம்மைத் தாழ்ந்தோராகக் கருதற்க. அச்சுதகளப்பாளர் மகவின்றி வருந்தித் திருமுறையிற் கயிறு சார்த்தித் திருவெண்காட்டில் வழிபட்டு மெய்கண்டாரைப் பெற்றனர். அம்மகவும் தாய்மாமனால் திருவெண்ணெய்நல்லூரில் வளர்க்கப்பெற்றது. அவர்வழி வந்த அருணந்தி சிவாசாரியார், மறைஞானசம்பந்தர், உமாபதி சிவாசாரியார் ஒருவர்க்கொருவர் குருதியால் மக்களல்லர்; உபதேசத்தால் தொடர்ந்தோர். எனினும் நம்மனோர் அவர்களையே சந்தானகுரவர் என்கின்றனர். சந்தானம் என்னும் சொல் மகவையும் குறிக்கும் என்பதனை நினைவார்க்கு, வித்தினும் மெய்ம்மையே வழித்தோன்றலுக்கு முதலாதல் இனிது விளங்கும்.