சிறு சொல்லும் பெருங்கிண்ணமும்

பெயரைச் சுருக்கினால் பொருளும் சுருங்கிவிடுமா? தத்துவ அறிஞர் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினாவை நாம் மதுக்கிண்ணத்தின் விளிம்பில் வைத்து ஆராய்ந்து பார்க்கலாம். ஆங்கில மொழி இதில் நமக்குப் பெரிதும் துணைபுரிகிறது. சிறிது சிறிதாகக் குடிப்பதற்கும், சிறிதளவு குடிப்பதற்கும் அம்மொழியில் உள்ள சொற்கள் பல. இதழ் நுனியால் சுவைத்துப் பருகுவது 'சிப்'. மடக்கு மடக்காக உட்கொள்வது 'சப்'. அளவைக் குறிக்க 'நிப்', 'டாட்', 'டிராம்', 'பெக்', 'ஷாட்', 'டிராப்' எனப் பெயர்கள் நீளுகின்றன. கண்ணாடிக் குவளையின் அடியிலிருந்து விரற்கிடையாக அளப்பதற்கு 'ஃபிங்கர்' என்று பெயர். யாருடைய விரல், எவ்வளவு அகன்ற குவளை என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

தமிழிலும் துளி, சொட்டு, மிடறு, மடக்கு, ஒரு வாய் என்னும் சொற்கள் உள்ளன. ஆனால் அவை தண்ணீருக்கும் பாலுக்கும் மருந்துக்கும் பொதுவானவை. ஆங்கிலத்தின் அளவுப் பெயர்களோ பெரும்பாலும் மதுவையே சுற்றி நிற்பவை. ஒரு பொருளுக்கு மட்டும் இத்தனை செல்லப் பெயர்கள் ஏன்? அங்கே மறைக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்று ஐயுறுவது தவறாகாது.

இன்னொன்றையும் நாம் கவனிக்கலாம். மொடமொடவென்று விழுங்குவதைக் குறிக்கும் சொற்களும் ஆங்கிலத்தில் குறைவில்லை. ஆயினும் அவற்றை மனிதர் பெரும்பாலும் பிறரைப் பற்றிப் பேசும்போதே எடுக்கின்றனர். தம்மைப் பற்றிப் பேசும்போது 'ஒரு சொட்டு', 'ஒன்றே ஒன்று' என்கின்றனர். பெரிய சொல் அயலானுக்கு, சிறிய சொல் எனக்கு. அயலான் கண்ணில் உள்ள துரும்பையும் தன் கண்ணில் உள்ள மரக்கட்டையையும் பற்றி ஆண்டவர் சொன்னது இலக்கணத்திற்கும் பொருந்துகிறது போலும்!

வேலி இலக்கானது

இச்சொற்களின் வரலாறு நமக்கு ஒரு பாடம் புகட்டுகிறது. பத்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட எட்கர் மன்னன், தன் குடிகள் மதுவால் சண்டையிட்டு அழிவதைத் தடுக்க, கன்டர்பரிப் பேராயர் புனித டன்ஸ்டனின் அறிவுரைப்படி குடிகலங்களின் உட்புறத்தில் முளைகளை அறையச் செய்தான் என்று, 12-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரான மாம்ஸ்பரி வில்லியம் எழுதிவைத்தார். பல கைகளுக்கு மாறும் பொதுக்கிண்ணத்தில், ஒருவன் தன் முளைக்கு மேல் குடிக்கலாகாது என்பது நோக்கம். அம்முளைக்கு ஆங்கிலத்தில் 'பெக்' என்று பெயர்.

நடந்தது என்ன? முளை எல்லையாக நிற்கவில்லை, இலக்காக மாறிற்று. அடுத்த முளைவரை குடித்தே தீரவேண்டும் என்பது பந்தயமாயிற்று. 1102-ஆம் ஆண்டில் புனித ஆன்செல்ம் கூட்டிய சங்கம், குருக்கள் குடிவிருந்துகளுக்குச் செல்லவும் முளைக்கணக்கில் குடிக்கவும் கூடாதென்று தடை விதிக்க நேர்ந்தது. ஒரு புனிதர் இட்ட வேலியை இன்னொரு புனிதர் பிடுங்க வேண்டியதாயிற்று.

பிற்காலத்தில் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் ஒரு குவளை மதுவை 'பெக்' என்றழைத்தனர். அதற்கும் அப்பழைய முளைக்கும் உறவுண்டு என்பர் சிலர். குடிப்பவன் தன் சவப்பெட்டியில் தானே அறையும் ஆணி என்று வேடிக்கையாக விளக்கியவரும் உண்டு. அச்சொல் இன்று நம் தமிழிலும் குடியேறிவிட்டது. சிறிய பெக் 30 மில்லி, பெரியது 60 மில்லி. அதனுடன் 'குவார்ட்டர்' என்பதும் வந்து சேர்ந்தது. கால் என்னும் பொருளுடையதால் கேட்பதற்குச் சிறியதாகவே ஒலிக்கிறது. ஆனால் அது 180 மில்லி. ஆறு சிறிய பெக்குகள். நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்துள்ள மதுவாயின், அதில் சுமார் 77 மில்லி தூய சாராயம் அடங்கியுள்ளது. பிரிட்டனின் தலைமை மருத்துவ அலுவலர்கள் 2016-இல் வெளியிட்ட அறிவுரையோ, ஒரு வாரம் முழுவதற்குமே 140 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஒரே மாலையில் தீரும் 'கால்', வாரக்கணக்கில் பாதியைத் தாண்டிவிடுகிறது.

கப்பற்படையின் கதையும் இத்தகையதே. பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமிகளுக்கு நாள்தோறும் அரை பைண்ட் 'ரம்' வழங்கப்பட்டது. 1740-இல் தளபதி எட்வர்டு வெர்னன், அதனுடன் நான்கு மடங்கு நீரைக் கலந்து கொடுக்கக் கட்டளையிட்டார். அவர் அணிந்திருந்த முரட்டுத்துணி அங்கியின் பெயரைக் கொண்டு அக்கலவை 'கிராக்' எனப்பட்டது. தள்ளாடி நிற்பவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதிலிருந்தே பிறந்தது. வெறியைக் குறைக்க வந்த கலவையே வெறிக்குப் பெயர் கொடுத்தது! 1824-இலும் 1850-இலும் அப்படி பாதிபாதியாகக் குறைக்கப்பட்டு, சுமார் 71 மில்லி கொண்ட 'டாட்' ஆயிற்று. 1970 ஜூலை 31-ஆம் நாள் அதுவும் நிறுத்தப்பட்டது. பெயரை மாற்றியதும் நீரைக் கலந்ததும் அவ்வழக்கத்தை முடிக்கவில்லை. அளவை எண்ணிக் குறைத்து, பின்னர் நிறுத்தியதே முடித்தது.

அயர்லாந்து மக்களின் ஆங்கிலத்தில் 'அவர் ஒரு துளி எடுத்திருக்கிறார்' என்றால், அவர் போதையில் இருக்கிறார் என்றே பொருள். சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். பொய்யின் வேலையை முடித்துவிட்டு அச்சொல் வெளிப்படையாகவே நிற்கிறது. ஆக, சிறு சொல்லால் கிண்ணத்தைச் சிறிதாக்க இயலாது. கிண்ணமே காலப்போக்கில் அச்சொல்லைப் பெரிதாக்கிவிடும்.

மோனிக்காவும் பணிப்பெண்ணும்

இவ்வினாவை ஆழமாகக் கண்டவர் புனித அகுஸ்தினார். தம் அன்னை மோனிக்காவின் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றை அவர் 'அறிக்கைகள்' என்னும் தம் நூலின் ஒன்பதாம் பகுதியில் மறைக்காமல் எழுதியுள்ளார். ஒழுக்கமுள்ள சிறுமி என்று நம்பிப் பெற்றோர் மோனிக்காவைப் பீப்பாயிலிருந்து இரசம் எடுத்துவர அனுப்புவர். குவளையிலிருந்து சாடிக்கு ஊற்றுமுன் அவர் இதழ் நுனியால் சிறிதே சுவைப்பார். மதுவின்மேல் ஆசையால் அன்று, இளமைத் துடிப்பால். ஆனால் நாளும் அச்சிறிதோடு ஒரு சிறிது சேர்ந்தது. இறுதியில் ஏறக்குறைய நிறைந்த கிண்ணங்களையே ஆவலோடு குடிக்கும் நிலை வந்தது.

ஆங்கிலத்தில் 'டிப்பிள்' என்றொரு சொல் உண்டு. சிறிதளவாக, ஆனால் ஓயாமல் குடிப்பதை அது குறிக்கும். சிறு அளவுப் பெயர்கள் மறைப்பதை இவ்வொரு சொல் காட்டிக்கொடுக்கிறது. ஒவ்வொரு முறையும் சிறிதே. முறைகள் எத்தனை என்பதே கேள்வி.

மோனிக்காவை மீட்டது எது? உடன் செல்லும் பணிப்பெண் ஒருநாள் சண்டையிட்டபோது, சின்ன எசமானியைக் 'குடிகாரி' என்னும் பொருள்படும் கொடுஞ்சொல்லால் ஏசினாள். அச்சொல் முள்ளாய்த் தைத்தது. மோனிக்கா தம் செயலின் அருவருப்பைக் கண்டார். அந்நொடியே அதை விட்டார். இத்தனை நாளும் 'சிறிது' என்றிருந்த ஒன்றிற்கு அன்றுதான் அதன் மெய்ப்பெயர் கிடைத்தது.

அப்படியானால் குடிப்பவரையெல்லாம் நாம் அப்பெயரிட்டு அழைக்கலாமா? அகுஸ்தினாரே இதற்கு விடை தருகிறார். அப்பணிப்பெண் புண்படுத்த விரும்பினாளேயன்றிக் குணப்படுத்த விரும்பவில்லை. அவளுடைய சினத்தை மருந்தாக்கியவர் இறைவன் என்கிறார் அவர். ஆகவே கடுஞ்சொல்லின் பெருமை ஏசியவளைச் சேராது. பிறருக்கு மெய்ப்பெயர் சூட்டுவது எளிது. அது பெரும்பாலும் பகைமையின் வேலை. தனக்குத்தானே மெய்ப்பெயர் சூட்டிக்கொள்வதே அறம். திருச்சபை ஆன்ம சோதனையை நம்மிடம் கேட்பது இதற்காகவே. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, கனமான பாவங்களை அவற்றின் வகையும் எண்ணிக்கையும் விளங்க அறிக்கையிடச் சொல்கிறது. வகை, எண்ணிக்கை என்னும் இரண்டையுமே 'ஏதோ கொஞ்சம்' என்னும் சொல் விழுங்கிவிடுகிறது.

கொடுப்பவன் சொல்லும் கொள்பவன் சொல்லும்

இங்கே நேர்மையான ஒரு மறுப்பு எழும். பவுலடியாரே திமொத்தேயுவுக்கு, வயிற்று நோயின் பொருட்டுச் சிறிது திராட்சை இரசம் பயன்படுத்துமாறு எழுதவில்லையா? புனித ஆசீர்வாதப்பர் தம் சபை ஒழுங்கின் 40-ஆம் இயலில், துறவியருக்கு நாளொன்றுக்கு ஒரு 'ஹெமினா' இரசம் போதுமென்று அளந்து கொடுக்கவில்லையா? கொடுத்தார். ஆனால் பிறருக்கு அளவு குறிப்பதைத் தயக்கத்தோடுதான் செய்தார்; குடியாமலே இருக்கும் வரம் பெற்றோருக்குத் தனிக் கைம்மாறு உண்டென்றும் சேர்த்துச் சொன்னார். இவ்விரு இடங்களிலும் 'சிறிது' என்பதைச் சொன்னவர், குடிப்பவர் அல்லர். அவர்மேல் பொறுப்புள்ள இன்னொருவர். காரணமும் சொல்லப்பட்டது அல்லது கலம் குறிக்கப்பட்டது. மருத்துவர் வாயில் 'சிறிது' என்பது கட்டளை. நோயாளி வாயிலோ அது பெரும்பாலும் சாக்கு.

சிறு சொற்கள் யாவும் பொய் என்று நாம் கொள்ளவும் வேண்டா. இல்லத்துக்கு வந்தவரை 'ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்' என்கிறோம். இலையில் விழுவது ஒரு வாய் அன்று, வயிறார உணவு. அங்கே சொல் சிறுத்தது, கொடுப்பவர் தம் கொடையைப் பெரிதாக எண்ணாததால். அது பணிவு. அதே சொல்லைக் கொள்பவர் தாம் கொள்வதன்மேல் ஏற்றும்போது அது மறைப்பாகிறது. கொடுப்பதைச் சிறிதென்பது அன்பின் இலக்கணம். கொள்வதைச் சிறிதென்பது ஆசையின் இலக்கணம். வாயிற்படியில் நின்று 'கொஞ்சம்தான்' என்று சொல்லும் கணவனின் சொல்லை மனைவி அளப்பதில்லை. அவள் அவனுடைய நடையையும், அவன் சட்டைப்பையில் மீந்திருப்பதையும் அளக்கிறாள். அச்சொல்லால் ஏமாறுபவன் பெரும்பாலும் அதைச் சொன்னவன் ஒருவனே. பிள்ளைகளோ, அப்பாவின் சொல்லை நம்பக்கூடாது என்பதை மதுவின் தீமைக்கு முன்பாகவே கற்றுக்கொள்கின்றனர். குடியால் வீட்டில் முதலில் செத்துப்போவது சொல்லின்மேல் இருந்த நம்பிக்கை.

விடுப்பதிலும் சிறுமைக்கு நல்லதோர் இடம் உண்டு. டப்ளின் நகரின் தொழிலாளி மாட் டால்பட், இளமை முழுதும் மதுவில் மூழ்கியிருந்தவர். 1884-இல் அவர் முதலில் எடுத்த உறுதிமொழி வாழ்நாளுக்கு அன்று. மூன்று மாதங்களுக்கு மட்டுமே. அம்மூன்று மாதங்கள் நீண்டு, 1925-இல் அவர் இறக்கும் வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயின. திருச்சபை 1975-இல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. 1935-இல் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்தினரும் இன்று ஒரு நாள் மட்டும் குடியாதிருப்போம் என்றே தொடங்குகின்றனர். மோனிக்காவின் கிண்ணம் நிறைந்த வழியும், டால்பட்டின் கிண்ணம் ஒழிந்த வழியும் ஒன்றே: சிறிதோடு சிறிது.

மருத்துவமும் இன்று நமக்குச் சலுகை தரவில்லை. மதுபானங்கள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று 1988-ஆம் ஆண்டிலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியது. உடல்நலத்திற்குத் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 சனவரியில் அறிவித்தது. உடல் சொற்களை வாசிப்பதில்லை, அளவையே வாசிக்கிறது.

இறுதியாக 'டிராம்' என்னும் சொல்லைப் பார்ப்போம். ஸ்காட்லாந்தில் ஒரு மடக்கு விஸ்கிக்கு அதுவே பெயர். மருந்துக்கடைக்காரரின் பழைய திரவ டிராம் சுமார் மூன்றரை மில்லி. மதுக்கடையில் இன்று ஊற்றப்படும் 25 அல்லது 35 மில்லி, அதைப்போல் ஏழு முதல் பத்து மடங்கு. அச்சொல்லின் மூலமோ 'திராக்மா' என்னும் கிரேக்க வெள்ளிக்காசு. லூக்கா நற்செய்தியில் அக்காசை நாம் சந்தித்திருக்கிறோம். பத்துத் திராக்மாவில் ஒன்றைத் தொலைத்த பெண், 'ஒன்றுதானே' என்று விட்டுவிடவில்லை. விளக்கேற்றினாள்; வீட்டைப் பெருக்கினாள்; கிடைக்கும்வரை தேடினாள். அவள் எண்ணி வைத்திருந்தாள். அதனால்தான் ஒன்று குறைந்ததை அறிந்தாள். சிறியது என்பதால் எண்ணாமல் விடுவது ஒரு வழி. சிறியதையும் எண்ணுவது இன்னொரு வழி. எண்ணுகிறவர் வீட்டில்தான் விளக்கு எரிகிறது.