பருத்திக்குன்றமும் பட்டுப் புடவையும்

கேட்பவர் யார் என்பதைப் பார்த்து விடையின் தரத்தை அமைத்துக்கொள்வது நம்மில் பலருக்குள்ள பழக்கம். குழந்தை கேட்டால் ஒரு சமாதானம். வெளியார் கேட்டால் ஒரு பெருமை. அறிஞர் கேட்டால் ஒரு மேற்கோள். இவற்றுள் எதுவும் செல்லாத கேள்வி ஒன்று சென்ற ஆண்டு என்னிடம் கேட்கப்பட்டது. அதனை வாசக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

என் இளைய மகளுடன் சென்னையில் பயிலும் ஐரோப்பிய மாணவி ஒருவர், வார விடுமுறையில் எங்களுடன் காஞ்சிபுரம் வந்தார். அரையாண்டுப் படிப்புக்காக வந்தவர். தமிழ் ஓரளவு பேசுவார். கற்க வந்த அயலார் காஞ்சியைக் காண்பது புதிதன்று. நாளந்தாவில் பயின்ற சீன யாத்திரிகர் யுவான் சுவாங் கி.பி. 640ஐ ஒட்டி இங்கு வந்து, திகம்பரர் மிகுந்திருந்ததைக் குறித்து வைத்தார். அதற்கும் முன்னர், கதம்ப மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன் காஞ்சிக் கடிகையில் கற்க வந்ததைத் தாளகுண்டாக் கல்வெட்டு கூறுகிறது.

சனிக்கிழமையன்று, மூத்த மகளின் திருமணத்திற்குக் கூறைப்புடவை சொல்லிவைக்க நெசவாளர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றோம். உடலும் கரையும் வேறு நிறமாகக் கோர்வை போட்டு நெய்யும் திறத்தை அம்மாணவி வியந்து பார்த்தார். பிறகு, "இந்த நூல் எங்கிருந்து கிடைக்கிறது?" என்று வினவினார். நெசவாளர் ஒளிக்கவில்லை. கர்நாடகத்திலிருந்து வருகிறது என்றார். அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவந்தால் இழை அறுந்துவிடும். ஆகையால் அதற்கு முன்பே, உயிர் உள்ளே இருக்கும்போதே கூட்டை வெப்பத்தில் இட்டுவிடுவார்கள் என்றும் சொன்னார். ஒரு புடவைக்கு எத்தனை கூடுகள் என்றதற்கு, "ஆயிரக்கணக்கில் அம்மா" என்றார்.

மறுநாள் வேகவதியின் கரையிலுள்ள திருப்பருத்திக்குன்றம் சென்றோம். திரைலோக்கியநாதரை வணங்கினோம். விசயநகர அமைச்சர் இருகப்பர், தம் ஆசிரியர் புட்பசேன முனிவரின் ஆணைப்படி 1387-88ஆம் ஆண்டில் எழுப்பிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாற்று ஓவியங்களைக் காட்டினேன். முனிவர் மயிற்பீலியால் தரையை நீவிய பின்னரே அமர்வதையும், நம் இல்லங்களில் நீரை வடிகட்டிப் பருகுவதையும், கதிரவன் மறைந்தபின் உண்ணாமையையும் பெருமிதத்துடன் விளக்கினேன். கண்ணுக்குத் தெரியாத உயிருக்கும் ஊறு நேரக்கூடாது என்பதே எம் அறம் என்று முடித்தேன்.

அம்மாணவி அருகில் நின்ற என் துணைவியாரின் புடவையை நோக்கினார். "ஐயா, அப்படியானால் பட்டு?" என்றார். அக்குரலில் ஏளனம் இல்லை. விடை இருக்கும் என்று நம்பியே கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அன்றிரவு நானே மூன்று விடைகளைத் தேடினேன். முதலாவது: "நாம் கொல்லவில்லை, வாங்குகிறோம்." இவ்விடை நம் வாயில் நில்லாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை கட்டும் என்று தத்துவார்த்த சூத்திரம் பகுத்துரைக்கிறது. புலால் உண்பாரிடம், வாங்குவார் இல்லையேல் விற்பாரும் இல்லை என்று குறளின் துணைகொண்டு வாதிடுபவர் நாம். ஊனுக்கு ஒரு நியாயம், உடைக்கு ஒரு நியாயம் என்று இருக்க இயலுமா?

இரண்டாவது: "இல்லறத்தார்க்கு அணுவிரதமே, துறவியர் நெறியை எதிர்பார்க்கலாகாது." இதில் உண்மை உண்டு. இல்லறத்தில் நேரும் இம்சையைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காக்கி, பின்னைய மூன்றையும் முற்றிலும் விலக்க இயலாமையை ஆன்றோர் ஏற்றனர். சமையலில் நேர்வது ஆரம்பம். பிழைப்பில் நேர்வது உத்தியோகம். தற்காப்பில் நேர்வது விரோதம். பட்டு இவற்றுள் எதில் அடங்கும்? நெசவாளருக்காவது அது பிழைப்பு. நமக்கோ அது அலங்காரம் மட்டுமே. அவருக்குள்ள சமாதானம்கூட நமக்கு இல்லை.

மூன்றாவது விடையே என்னைப் பெரிதும் வருத்தியது: "நாம் வாங்காவிடில் நெசவாளர் குடும்பம் என்னாகும்?" இது வெறும் சாக்கன்று. ஆயினும் அவர் கற்றது கோர்வை போடும் கலை. புழுவைக் கொல்லும் கலையன்று. அதே ஊரில் பருத்திப் புடவையும் நெய்யப்படுகிறது. அவர் கைத்திறனுக்கு உரிய கூலியைப் பருத்திக்கும் தர நமக்கு மனமிருக்க வேண்டும். பருத்தி என்றதும் விலையைக் குறைத்துக் கேட்பவர்களாகிய நாம், அவர் பிழைப்பைக் காரணம் காட்டுவது பொருந்தாது.

அந்துப்பூச்சி வெளியேறிய பின்னர் நூல் எடுக்கும் "அகிம்சைப் பட்டு" உள்ளதே எனலாம். குசுமா ராஜையா அவர்கள் இம்முறையைப் பரப்பியவர். முயற்சி போற்றத்தக்கது. எனினும் அப்பூச்சி மனிதனால் வளர்க்கப்பட்டுப் பறக்கும் ஆற்றலையே இழந்தது. வெளிவந்தபின் உணவும் கொள்ளாது. சில நாள்களில் மடியும். ஒவ்வொரு பெண் பூச்சியும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அவற்றினின்று பிறக்கும் புழுக்கள் அனைத்துக்கும் இலையிட்டுக் காப்பவர் யார்? ஆகவே அது இம்சையைக் குறைக்கலாம். நம் ஆராய்ச்சியை முடித்துவிடாது.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அக்காஞ்சியிலேயே, சைனரல்லாத காமகோடி மடத்துச் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் (1894-1994) பட்டுக்காகப் புழுக்கள் மடிவதைச் சுட்டி, அதைக் கைவிடுமாறு அறிவுறுத்தினார். பிறர் சமயத் தலைவர் உரைத்த பின்னும் நாம் வாளாவிருப்பது நாணத்தக்கது.

வீட்டில் இதைச் சொன்னபோது என் தாயார், "பட்டில்லாத கல்யாணமா? ஊர் என்ன சொல்லும்?" என்றார். அவரை நான் மறுத்துப் பேசவில்லை. அவர் இரவில் நீர்கூடப் பருகாதவர். நோன்பில் என்னினும் உறுதியானவர். அறத்தில் உயர்ந்தோரிடமும் வழக்கத்தால் ஒரு மூலை இருட்டாகவே இருந்துவிடக்கூடும் என்பதை மட்டும் உணர்ந்தேன். முடிவு மணமகளிடம் விடப்பட்டது. அவள் நெசவாளருக்குத் தொலைபேசியில் பேசி, அதே கோர்வைக் கரையுடன் பருத்தியில் நெய்து தருமாறு கேட்டாள். கூலியில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. தாயார் சில நாள் பேசாதிருந்தார். பின்னர், "நிறமாவது அரக்காக இருக்கட்டும்" என்றார்.

பெட்டியிலுள்ள பழம்பட்டை எறியவேண்டும் என்றோ, பட்டுடுத்தி வருவோரைப் பழிக்கவேண்டும் என்றோ நான் கூறவில்லை. பிறரைப் பழிப்பதும் இம்சையே. புதிதாக வாங்குமுன் ஒரு கணம் நின்று எண்ணுவோம் என்பதே என் வேண்டுகோள்.

பட்டால் உலகப் புகழ்பெற்ற நகரின் அருகே, நம் முன்னோரின் ஜினகாஞ்சி பருத்தியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெயர் எக்காரணத்தால் அமைந்ததாயினும், இனி அங்குச் செல்லும்போதெல்லாம் அஃது எனக்கு நினைவூட்டலாகவே இருக்கும்.

அம்மாணவிக்கு விடை எழுதிவிட்டேன். கேள்விக்கு நன்றி என்று தொடங்கியது அக்கடிதம்.