செலவு யார் தலையில் விழுகிறது?

நாட்றம்பள்ளிக்காரர் ஒருவர் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும் என்றால், 2019 வரை நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வேலூரில் இறங்க வேண்டும். முதியோர் உதவித்தொகை நின்றுபோன கிழவிக்கும் அதே தூரம்தான். ஒரு நாள் கூலியும் போகும். அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று திருப்பத்தூர் தனி மாவட்டமாகி, கலெக்டர் ஆபீஸ் அருகில் வந்தது. 2022 ஜூன் கடைசியில் திருப்பத்தூரில் புதிய ஆட்சியர் அலுவலகமும், வேலூரில் சுமார் 53 கோடி ரூபாயில் புதிய பேருந்து நிலையமும் திறக்கப்பட்டன.

அரசு அலுவலகமும் பஸ் நிலையமும் ஊர் நடுவில், ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் இருப்பது ஏழைக்குச் செய்யும் நேரடியான நன்மை. விடியற்காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குக் கிளம்பும் பெண்களைக் கேட்டால் தெரியும். அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் அவர்களுக்குக் கட்டணமில்லை. நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்தால், மிச்சமான காசு ஷேர் ஆட்டோவுக்குப் போய்விடும். சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது, அதற்கான ரயில் நிலையம் கட்டி முடிந்திருக்கவில்லை. மூட்டை முடிச்சுகளோடு வந்திறங்கியவர்கள் அதன் பலனை அனுபவித்தார்கள்.

ஆகவே ஊர் மையத்தைத் திருத்திக் கட்டலாமா என்பதில் பெரிய தர்க்கம் இல்லை, கட்டலாம். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே பிழைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன பதில்? மனு எழுதிக் கொடுப்பவர், ஜெராக்ஸ் கடைக்காரர், பூக்கட்டும் அம்மா, வண்டியில் கொய்யா விற்பவர் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம்தான் அவர்களின் முதலீடு. அந்தக் கூட்டத்தை மாற்று இடத்துக்குப் பெயர்த்துக் கொண்டுபோக முடியாது.

சென்னை மூர் மார்க்கெட்டின் கதை இதைச் சொல்லும். பிராட்வே பகுதியில் நெரிசலாகக் கடை போட்டிருந்தவர்களை மாற்றுவதற்கென்றே மாநகராட்சி அதைக் கட்டி 1900இல் திறந்தது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டுப் பறவை, வண்ண மீன் என்று எது வேண்டுமானாலும் அங்கே கிடைத்தது. 1985 மே 30 அன்று தீப்பிடித்துக் கட்டடம் அழிந்தது. சென்ட்ரலை ஒட்டிய அந்த நிலத்தில் ரயில்வேயின் புறநகர் ரயில் முனையமும் முன்பதிவு வளாகமும் எழுந்தன. வியாபாரிகளுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகம் கிடைத்தது. பழைய கூட்டம் அங்கே வரவில்லை. பின்னாளில் அதே வளாகத்துக்குள் நீதிமன்றங்களும் வந்து உட்கார்ந்தன. அந்த ரயில் முனையத்தை இன்று லட்சக்கணக்கானோர் பயன்படுத்துகிறார்கள். அது வேண்டாத கட்டடம் என்று எவரும் சொல்ல முடியாது. ரயில் அட்டவணையில் அதன் பெயர் இன்னும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்தான். இப்போது பிராட்வே பேருந்து நிலையத்தையும் குறளகம் கட்டடத்தையும் இடித்து, 800 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் ஒரே பல்நோக்கு வளாகமாக்கும் திட்டம் வந்திருக்கிறது. நூறாண்டுக்கும் முன் எழுந்த கேள்வி கிளம்பிய இடத்துக்கே திரும்பியிருக்கிறது.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், சொந்த நிலம் இல்லாவிட்டாலும் அங்கே மூன்றாண்டு உழைத்துப் பிழைத்தவரைப் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. ஆனால் பழைய பஸ் நிலையம் ஏற்கெனவே நகராட்சியின் சொத்து. கையகப்படுத்தவே தேவையில்லை என்பதால் இந்தச் சட்டம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. தனியார் நிலத்தில் உழைத்தவருக்கு உள்ள மரியாதை, பொது நிலத்தில் உழைத்தவருக்கு இல்லை! 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது. கணக்கெடுப்பு முடியும் வரை எவரையும் அகற்றக் கூடாது, இடம் மாற்ற 30 நாள் நோட்டீஸ் வேண்டும், நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும் என்கிறது. நகராட்சிக் கடையில் வாடகைக்கு இருப்பவருக்கு அந்தச் சட்டமும் இல்லை. புதிய வளாகம் எழுந்தபின் கடைகள் ஏலத்துக்கு வரும். கனத்த முன்பணம் கட்ட முடிந்தவர் உள்ளே போவார்.

செலவை யார் சுமப்பது என்ற கேள்வியில், வேலூர், ஆம்பூர் பக்கத்துத் தோல் பதனிடும் பூமிக்கு ஒரு பெருமை உண்டு. பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை, நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அறிவித்தது அந்தத் தீர்ப்புதான். தொழிலால் அந்நியச் செலாவணி வருகிறது, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைக்கிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை; அந்த நன்மையின் விலையைக் கிணறு கெட்ட உழவன் தலையில் கட்டக் கூடாது என்றது. பஸ் நிலையத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். கழிவுநீரைப் போலவே பிழைப்பு இழப்பும் ஒரு திட்டத்தின் விளைவு. திட்டத்தால் பயன்பெறுகிறவர்கள் அதைச் சுமக்க வேண்டும்.

இரண்டு மறுப்புகள் எழும். ஆக்கிரமித்தவருக்கு என்ன உரிமை என்பது ஒன்று. பல ஆண்டுகள் தினசரி வசூல் ரசீது கொடுத்து நகராட்சியே பணம் வாங்கிய இடத்தில், திடீரென்று ஆக்கிரமிப்பு என்ற சொல்லைக் கண்டெடுப்பது நேர்மையாகாது. திட்டம் என்று கேள்விப்பட்டதும் புதிதாக ஆட்கள் வந்து உட்காருவார்கள் என்பது மற்றது. அது உண்மை. அதனால்தான் அறிவிப்புக்கு முன்பே கணக்கெடுக்க வேண்டும். சிங்கப்பூர் 1960களின் இறுதியில் தெருவோர உணவுக்காரர்களைப் பதிவு செய்துவிட்டுத்தான் அவர்களுக்கான உணவு நிலையங்களைக் கட்டிக் குடியேற்றியது.

வியாபாரிக்குத் திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் வேண்டியதில்லை. காத்திருக்கும் பயணிக்கும் நியாயம் உண்டு. ஆனால் கட்டுமானக் காலத்துக்குப் பிழைப்புப் பணமும், முடிந்தபின் ஏலமில்லாமல் தரைத்தளத்தில் திரும்ப ஓர் இடமும் அவருக்குக் கிடைத்தாக வேண்டும். சிமெண்டுக்கும் கம்பிக்கும் திட்ட மதிப்பீட்டில் ஒரு வரி எழுதப்படும்போது, இதற்கும் ஒரு வரி எழுதப்படட்டும். நம் பக்கத்துப் பேரூராட்சி, நகராட்சி மன்றங்களில் அடுத்த பஸ் நிலையத் தீர்மானம் வரும் நாளில், கவுன்சிலர்கள் கையெழுத்துப் போடுமுன் அந்த வரி எங்கே என்று கேட்கட்டும்.