நாயைக் கைவிட்ட பழி

கடல்கடந்து குடிபெயர்வோன் தன் வளர்ப்புயிரைக் கைவிடின் பழி யாரைச் சாரும்? பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்திலே துயிலும் ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் குடும்பம், 1875இல் இங்கிலாந்தினின்று இலங்கைக்கு வந்தபோது பசுவொன்றையும் உடன்கொணர்ந்தது. வசதியுடையோரின் பாசத்துக்குக் கப்பலிலும் இடமுண்டு போலும்!

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கெனக் கணக்கிட்டது. லயத்து வாசலிற் காவல்கிடந்த நாய் அக்கணக்கிற் சேரவில்லை. நாயைப் பிரிந்து சுவர்க்கம் புகேன் என்றான் தருமன். மறுக்கும் உரிமையேனும் அவனுக்கு இருந்தது. தலைமன்னாரிற் கப்பலேறிய தொழிலாளியும் விண்ணப்பத்தில் ஒப்பமிட்டவன்தானே என்பர் சிலர். 1948இற் குடியுரிமை இழந்த சமூகத்தவனின் ஒப்பம் அது. ஆகவே பழி அவனைக் காட்டிலும், அவனையே பங்கிட்டுக்கொண்ட அரசுகள் இரண்டையுமே சாரும். எனினும், தேயிலைச் சரிவில் எசமானைத் தேடியலையும் நாய்க்கு இவ்வேறுபாடு எங்ஙனம் புலப்படும்?