கணக்கெழுதப் போகும் கைகள்

வணிகவியல் பயிலும் மாணவரிடம், ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தீர் என்று வினவினால், வேலை கிடைக்கும் என்ற விடையே பெரும்பாலும் வருகிறது. பட்டயக் கணக்காளராகிவிட்டால் நல்ல ஊதியம், ஊரில் மதிப்பு, சொந்த அலுவலகம் எனச் சிலர் விரித்துரைப்பர். எண்கள்மீது கொண்ட விருப்பால் வந்தோம் என்போரும் உளர், அவர் சிலரே. மேனிலைப் பள்ளியில் அறிவியல் பிரிவுக்கு மதிப்பெண் போதாமல் கணக்குப் பதிவியலுக்கு வந்து, பின்னர் அதிலேயே வேரூன்றியவர்களையும் நாம் அறிவோம்.

இவ்விடைகளைக் கேட்டு முகஞ்சுளிப்பது எளிது. மருத்துவம் பயில்வோர் சேவை என்கின்றனர், இவர்களோ பிழைப்பு என்கின்றனரே எனக் குறைப்படுவோர் உண்டு. நாம் அவ்வாறு குறைப்பட மாட்டோம். (சேவை என்று சொன்னோர் அனைவரும் சிற்றூர்களுக்குச் சென்றுவிடவில்லை என்பதையும் காண்கிறோம்.) கந்துவட்டிக்காரர் நீட்டிய தாளில் அசல் எது, வட்டி எது எனப் பிரித்தறிய இயலாமல் தந்தை கைநாட்டு வைத்ததைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்குக் கணக்கு வெறும் பிழைப்பன்று. தன் வீட்டாரை இனி எவரும் எண்களால் ஏய்க்கலாகாது என்ற வைராக்கியமும் அந்தச் சிறு விடைக்குள் ஒளிந்திருக்கக் கூடும். வறுமையினின்று எழ விரும்புவதைத் தாழ்ந்த நோக்கம் என்று நாம் எப்படிச் சொல்வோம்?

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பாதுகாப்பான வாழ்வை நாடி ஒருவர் நுழையும் இத்தொழில், ஒரு கட்டத்தில் அந்தப் பாதுகாப்பையே பணயம் வைக்கும்படி கேட்கிறது. தணிக்கையாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் ஆராய்வது ஒரு நிறுவனத்தின் கணக்கை. அவருக்குக் கட்டணம் தருவதும் அதே நிறுவனம். அவருடைய கையொப்பத்தை நம்பித் தம் சேமிப்பை முதலீடு செய்யும் ஓய்வுபெற்ற ஆசிரியரை அவர் ஒருநாளும் நேரில் காண்பதில்லை. எதிரில் அமர்ந்து தேநீர் தருவித்து உபசரிப்பவரோ நிறுவனத்தின் இயக்குநர். ஐயத்தை அறிக்கையில் எழுதினால் அடுத்த ஆண்டு அந்த வாடிக்கை கைவிட்டுப் போகலாம்.

இது கற்பனையன்று. 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் தலைவர், ஏட்டில் காட்டப்பட்ட ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று தாமே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். வங்கி இருப்பை வங்கியிடமே நேராகக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்பது பயிற்சி மாணவரும் அறிந்த பாடம். 2015 ஏப்ரலில் ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்த பத்துப் பேரில் இருவர் தணிக்கையாளர்கள். (தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டது.) அங்கே குறைவுபட்டது கணக்கியல் அறிவு என்று நம்மால் கொள்ள இயலவில்லை.

1494இல் வெனிஸ் நகரில் அச்சான தம் நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கிய லூக்கா பாச்சோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. முறையை அவர் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர் கையாண்டதையே ஒழுங்குபடுத்தி எழுதினார். கணக்கேட்டில் சிலுவைக் குறியிட்டு இறைவன் பெயரால் தொடங்குமாறு அவர் வணிகருக்கு அறிவுறுத்தினார். நம் கடைத்தெருவில் பிள்ளையார் சுழியிடுவது போல. குறியிட்டதால் அதன்கீழ் எழுதும் எண்கள் மெய்யாகிவிடா. ஆயினும் தனக்கும் தன் முதலாளிக்கும் அப்பால் மூன்றாமவர் ஒருவர் அவ்வேட்டைப் பார்க்கிறார் என்ற நினைவை அது எழுதுகிறவனுக்குத் தந்திருக்கும்.

தூய நோக்கத்தோடுதான் வரவேண்டும் என்று இருபது வயதினரிடம் கேட்பது நியாயமன்று. நோக்கம் வந்த பின்னும் வளரக் கூடியது. அது வளர்வதும் கருகுவதும் பெரும்பாலும் பயிற்சிக் காலத்திலே. மூன்றாண்டுகளாக இருந்த அக்காலம் 2023 முதல் இரண்டாண்டுகளாகச் சுருங்கிவிட்டது. மார்ச்சுத் திங்களின் இறுதி நாளில் சரக்கிருப்பைச் சரிபார்க்கக் கிடங்குக்கு அனுப்பப்படுகிறார் ஒரு மாணவர். உள்ளே புழுக்கம், மூட்டைகளோ கூரையைத் தொடுகின்றன, எண்ணிக்கை எழுதிய தாளைக் கிடங்கு மேலாளர் ஆயத்தமாக நீட்டுகிறார். எண்ணிவிட்டுக் கையொப்பமிடுவதா, எண்ணாமலே இடுவதா என்பதை, உடன் வந்த மூத்தவர் அப்போது என்ன செய்கிறார் என்று பார்த்தே அம்மாணவர் முடிவு செய்கிறார்.